மண்ணெண்ணெய் கேட்காத படகு

நாற்பது வருடங்களுக்கு மேல் பத்திரிகையில் எழுதிய ஒருவன் வீடியோ விளையாட்டுகளைப் பற்றி எழுதலாமா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கேள்வியில் சற்று ஏளனமும் கலந்திருக்கிறது. நான் சினிமாவுக்கு விமர்சனம் எழுதியபோதும் நாடகத்துக்கு எழுதியபோதும் இதே மனிதர்கள் இப்படிக் கேட்டதில்லை. எழுபதை நெருங்கும் ஒருவர் சீட்டுக்கட்டுடன் அமர்ந்தால் அது பொழுதுபோக்கு; கையில் ஒரு ஸ்விட்ச் பெட்டியுடன் அமர்ந்தால் அது பித்து. எங்கள் திருகோணமலையின் மதிப்புமிக்க வழக்கங்களுள் இதுவும் ஒன்று.

எனக்கு இப்பழக்கம் புதிதன்று. தொண்ணூறுகளில், மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்த காலத்தில், ஊரடங்கு இரவுகளைக் கழிக்க என்னிடம் ஒரு சீனத்துப் பெட்டி இருந்தது. கடைகளில் 'பிறிக் கேம்' என்று விற்றார்கள். மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்க வேண்டும். பேனா பற்றரிகள் இருந்தாற் போதும், பல இரவுகள் ஓடும். ஒலியை அணைத்துவிட்டு, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் விளையாடியிருக்கிறேன். அது 1984இல் மொஸ்கோவில் அலெக்சி பஜித்னோவ் உருவாக்கிய டெற்றிஸின் நகல் என்பதும், 1989இல் நின்டெண்டோவின் கேம் போய் அதைச் சுமந்துகொண்டு உலகம் சுற்றியது என்பதும் பின்னர் தெரிந்தவை. கேம் போயை வடிவமைத்த குழுவுக்குத் தலைமை தாங்கிய குன்பெய் யோகோய் ஒரு கொள்கை வைத்திருந்தார். புத்தம் புதிய தொழில்நுட்பம் வேண்டாம். மலிந்து, பழகி, பழசாகிப்போனதை எடுத்துப் புதிய விதத்தில் பயன்படுத்து என்பதே அது. பற்றாக்குறையில் வளர்ந்த நாட்டவர்க்கு இதை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

சரி, விடயத்துக்கு வருவோம். துறைமுகத்துக்காரன் கடலை விட்டுவிட்டு வேறெதிலிருந்து தொடங்குவான்?

'ட்ரெட்ஜ்' 2023 மார்ச் 30இல் வெளிவந்தது. நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச் நகரிலுள்ள பிளாக் சோல்ட் கேம்ஸ் என்ற சிறிய நிறுவனத்தின் முதல் விளையாட்டு. ஸ்விட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் மூன்றிலும் கிடைக்கிறது. நான் கையடக்கப் பெட்டியில் விளையாடினேன். அதற்கென்றே பிறந்த விளையாட்டு இது. படகு உடைந்து ஒரு தீவில் ஒதுங்கிய மீனவன் நீங்கள். ஊர்த் தலைவர் வேறொரு படகு தருகிறார். இலவசமாக அன்று, கடனாக. பிடித்த மீனை விற்றுக் கடனை அடைக்க வேண்டும். படகின் சரக்கறை ஒரு கட்டச் சட்டகம். ஒவ்வொரு மீனுக்கும் ஒவ்வொரு வடிவம். திருப்பித் திருப்பி அடுக்கினால்தான் இடம் போதும். (பழைய பிறிக் கேம் விரல்களுக்கு இவ்விடத்தில் பெருமகிழ்ச்சி.) பாறையில் மோதினால் தட்டின் ஒரு கட்டம் உடைந்து, அங்கிருந்த மீன் கடலுக்கே போய்விடும்.

நீங்கள் நகரும்போதும் மீன் பிடிக்கும்போதும் மட்டுமே இங்கு நேரம் ஓடும். ஆகவே ஒவ்வொரு வீச்சும் ஒரு கணக்கு. இன்னும் ஒரு முறை வீசலாமா, அல்லது பொழுது சாய்வதற்குள் கரை சேரலாமா? இருட்டிய பின்பும் கடலில் நின்றால் மீனவனின் மனத்தில் பீதி ஏறுகிறது. பகலில் இல்லாத பாறை எதிரே நிற்கும். மூடுபனிக்குள் ஒரு விளக்குத் தெரியும்; அது படகின் விளக்கா, வேறெதுவுமா என்பது அருகே போகும்வரை தெரியாது. வலையில் வரும் மீன்களும் சில உருத்திரிந்து, பார்க்கச் சகிக்காத வடிவில் வரும். விலை மட்டும் கூடுதல். அதுதான் விளையாட்டின் தூண்டில்.

மேலைநாட்டு விமர்சகர்கள் இதைத் திகில் விளையாட்டு என்று வகைப்படுத்தினார்கள். எனக்கு அது திகிலாகப் படவில்லை, நினைவாகப் பட்டது. எங்கள் கடலில் இரவு தடைசெய்யப்பட்டிருந்த ஆண்டுகள் உண்டு. போர்க்காலத்தில் கடற்றொழிலாளர் எந்த நேரத்தில் இறங்கலாம், எந்த நேரத்துக்குள் திரும்ப வேண்டும், எந்த எல்லையைத் தாண்டக்கூடாது, எத்தனை குதிரைவலு இயந்திரம் பூட்டலாம் என்பவற்றையெல்லாம் பாதுகாப்புத் தரப்பே தீர்மானித்தது. இரவில்தான் படும் மீன்கள் உண்டு. அவற்றை ஒரு தலைமுறை மறந்தே போயிற்று. பொழுது சாய்கிறதே என்று கைகள் பதறுவது இந்த மாவட்டத்தில் கற்பனையன்று. 2004 டிசம்பர் 26 காலையோ பகலைக்கூட நம்ப முடியாதபடி ஆக்கிவிட்டுப் போனது. கிண்ணியாவிலும் மூதூரிலும் கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் திருக்கடலூர்த் தொழிலாளி ஒருவர் ஒரு நாள் திண்ணையில் அமர்ந்து, நான் விளையாடுவதைப் பத்து நிமிடம் மௌனமாகப் பார்த்தார். மூடுபனியும் பேயும் அவரை அசைக்கவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ஐயா, இதுக்கு எண்ணெய் எங்க அடிக்கிறது?"

எங்கும் அடிப்பதில்லை. ட்ரெட்ஜ் படகு எரிபொருள் கேட்பதில்லை. கடனை நினைத்தவர்கள், படகின் தட்டை ஒவ்வொரு கட்டமாகச் சிந்தித்தவர்கள், மீன் நேரத்தோடு பழுதாவதைக்கூட மறக்காதவர்கள், எண்ணெயை மறந்துவிட்டார்கள். அல்லது வேண்டுமென்றே விட்டார்கள். விளையாட்டு இலகுவாக இருக்க வேண்டுமல்லவா. 2022 ஓகஸ்டில் இலங்கையில் மண்ணெண்ணெய் ஒரு லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவானது. அதற்கு முன்பு அந்த 87 ரூபா எண்ணெயையும் கண்ணால் காண முடியாது; கொள்கலனோடு வரிசையில் நாட்கணக்காய் நின்றார்கள். மூதூரிலோ நிலாவெளியிலோ உள்ள சிறுபடகுக்காரரிடம் கடலில் எது பயங்கரம் என்று கேட்டால், அவர் சொல்லப்போவது ஆழ்கடல் பூதத்தையன்று. வெறுங்கையோடு திரும்பும் நாளில் எரிந்துபோன எண்ணெயின் கணக்கைத்தான். அந்தக் கணக்கு இல்லாத இடத்தில்தான் ட்ரெட்ஜ் விளையாட்டாகிறது. இப்படிச் சொல்வதால் அதைக் குறைத்து மதிப்பிடுகிறேன் என்று கொள்ள வேண்டாம். இந்த மூன்று நான்கு ஆண்டுகளில் நான் விளையாடியவற்றுள் மிகச் சிறந்தது இதுவே.

அடுத்தது 'டேவ் த டைவர்'. தென்கொரியாவின் மின்ட்றொக்கற் குழுவின் படைப்பு. 2023 ஜூனில் கணினிக்கும், அதே ஆண்டு ஒக்டோபரில் ஸ்விட்ச்சுக்கும், 2024 ஏப்ரலில் பிளேஸ்டேஷனுக்கும் வந்தது. உருண்டை உடம்புச் சுழியோடியான டேவ், பகலில் நீலக் குழி என்ற கடற்பகுதிக்குள் ஈட்டித் துப்பாக்கியுடன் இறங்கி மீன் பிடிக்கிறார். இரவில் அந்த மீன் சுஷி உணவகத்தில் பரிமாறப்படுகிறது. ஒட்சிசனே உயிர். அது தீர்ந்தால் பிடித்தவற்றுள் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை இழக்க வேண்டும். சிரிக்க வைக்கிறது, பசிக்கவும் வைக்கிறது. பின்பாதியில் வேலைகள் கூடிக்கூடி ஓர் அலுவலகம்போல் ஆகிவிடுவது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஓய்வு பெற்றவனுக்கு எதற்கு மறுபடியும் அலுவலகம்? நெக்ஸன் என்ற பெருநிறுவனத்தின் கிளைக் குழு உருவாக்கிய இதை, 2023ஆம் ஆண்டு விருதுகளில் சுயாதீன விளையாட்டு வரிசையில் பரிந்துரைத்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை ஏழை மாணவர் உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்த கதைதான்.

டேவ் எந்த ஆழத்திலிருந்தும் எந்த வேகத்திலும் மேலே வரலாம். நிஜத்தில் அப்படி வந்தால் இரத்தத்தில் கரைந்திருந்த நைதரசன் குமிழியாகி மூட்டுகளை முடக்கும், சில வேளை உயிரையும் எடுக்கும். சங்குக்கும் கடலட்டைக்கும் உருளை பூட்டி இறங்குகிறவர்களின் ஊர்களில், இளவயதிலேயே கால் இழுத்து நடப்பவரைக் காணலாம். இதை என் பேரனிடம் சொன்னபோது, "அப்ப டேவ் ஏன் நல்லா இருக்கிறார் தாத்தா?" என்றான். அவருக்கு மருத்துவச் செலவு இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன்.

விளையாட்டில் டேவ் ஆழத்தில் ஒரு பழைய நாகரிகத்தின் தடயங்களைக் காண்கிறார். அந்தக் கட்டத்தில் நான் பெட்டியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். ஏனென்றால் அது நடந்த ஊர் இது. போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டில் கோணேசர் ஆலயத்தை இடித்தார்கள். 1956இல் ஆங்கிலேயரான மைக் வில்சன் சுவாமி மலையின் அடிவாரக் கடலில் சுழியோடியபோது, செதுக்கு வேலைப்பாடுள்ள தூண்களையும் கற்களையும் கண்டார். அவருடைய தோழர் ஆர்தர் சி. கிளார்க் அதை உலகுக்கு எழுதினார். வில்சன் அத்துடன் நிற்கவில்லை. 1962இல் 'ரன்முத்து தூவ' என்ற, முதலாவது முழுநீள வண்ணச் சிங்களத் திரைப்படத்துக்காகத் திருகோணமலைக் கடலுக்கு அடியிலேயே காட்சிகள் எடுத்தார். பிற்காலத்தில் துறவு பூண்டு சுவாமி சிவ கல்கி ஆனார். ஒரு விளையாட்டு நிறுவனம் இப்படியொரு கதாநாயகனைக் கற்பனை செய்திருந்தால், நம்பும்படி இல்லை என்று விமர்சகர்கள் புள்ளியைக் குறைத்திருப்பார்கள்.

துப்பாக்கி விளையாட்டுகளைப் பற்றி ஏன் எழுதுவதில்லை என்று புலம்பெயர்ந்த இளம் வாசகர்கள் கேட்கிறார்கள். அவை கெட்டவை என்று நான் போதிக்கப் போவதில்லை. என் மருமக்களில் பாதிப்பேர் அவற்றைத்தான் விளையாடுகிறார்கள், நல்ல பிள்ளைகள்தாம். எனக்கு இயலாது, அவ்வளவுதான். 2006 ஜனவரி 2ஆம் திகதி மாலை எங்கள் நகரின் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவர்களது உடல்களில் இருந்த சூட்டுக் காயங்களைப் படம்பிடித்து வெளிக்கொணர்ந்தவர் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அதே மாதம் 24ஆம் திகதி காலை, வேலைக்குப் புறப்பட்ட அவரும் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தத் தொழிலில் இந்த ஊரில் இருந்த ஒருவனுக்கு, திரையில் விழுகிறவன் வெறும் புள்ளிக்கணக்காகத் தெரிவதில்லை. காரணம் இதுவே. வேறு தத்துவம் எதுவுமில்லை.

ஆனால் 'பேப்பர்ஸ், ப்ளீஸ்' விளையாடினேன். லூக்காஸ் போப் என்ற தனிமனிதர் 2013இல் கணினிக்காக உருவாக்கியது. 2017 டிசம்பரில் கையடக்கமான பிளேஸ்டேஷன் வீற்றாவுக்கும் 2022இல் கைத்தொலைபேசிக்கும் வந்தது. வேறு விளையாட்டுகளைவிடப் பழையதாயினும், இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை. ஆண்டு 1982. அர்ஸ்டொட்ஸ்கா என்ற கற்பனை நாட்டின் எல்லைச் சாவடியில் நீங்கள் பரிசோதகர். வருகிறவரின் கடவுச்சீட்டு, அனுமதிப்பத்திரம், முகம், உயரம், கைரேகை எல்லாவற்றையும் ஒப்பிட்டு முத்திரை குத்த வேண்டும். சரியாக முடித்த ஆட்களின் எண்ணிக்கைக்கே கூலி. தவறினால் தண்டம். நாள் முடிவில் வாடகை, உணவு, குளிர்காயும் செலவு என்று கணக்கு வரும். பணம் போதாவிட்டால் வீட்டில் யாரேனும் நோயில் விழுவார்கள். ஒரு நாள் கணவர் ஒருவர் சரியான தாள்களுடன் வந்து கடந்து போகிறார். பின்னால் வரும் மனைவியிடம் அனுமதிப்பத்திரம் இல்லை. முத்திரை உங்கள் கையில்.

கண்ணாடிக்கு இப்பாலிருந்து அப்பால் போனது எனக்கு இதுவே முதல்முறை. எத்தனை ஆண்டுகள் மறுபுறம் நின்றிருக்கிறேன்! அடையாள அட்டையில் பிறந்த இடம் என்று ஒரு வரி உண்டு. அந்த வரியை வாசித்ததும் சாவடிக்காரரின் குரல் மாறும். பேருந்திலிருந்து இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து போய் மறுபடி ஏறும் பயணத்தை இவ்வூர்க்காரர் எவருக்கும் நான் விவரிக்க வேண்டியதில்லை. போப்பின் திறமை, அந்தச் சாவடிக்காரனுக்கும் ஒரு வீடும் ஒரு பசியும் உண்டென்று என்னையே உணரவைத்தது. மூன்றாம் நாளிலேயே நான் முகங்களைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தாள்களை மட்டும் பார்க்கத் தொடங்கியிருந்தேன். அந்த மனைவியை உள்ளே விட்டேன், தண்டத்துடன். அடுத்த நாள் வேறொருவரைத் திருப்பி அனுப்பினேன். எனினும் ஒரு குறை உண்டு. வரிசையில் நிற்பவனுக்கு இந்த விளையாட்டில் செய்வதற்கு எதுவுமில்லை. அவன் வருகிறான், போகிறான். மூன்று மணித்தியாலம் வெயிலில் நிற்பதை எவர் காசு கொடுத்து வாங்கி விளையாடுவார் என்பது நியாயமான கேள்விதான். ஆனால் அங்கேதான் பெரும்பாலான மனிதர்கள் இருந்தார்கள்.

இடையில் இயந்திரத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஸ்விட்ச் 2 கொன்சோல் 2025 ஜூன் 5இல் வெளிவந்தது. அமெரிக்க விலை 450 டொலர். 7.9 அங்குலத் திரை என் கண்ணாடிக்கு உகந்தது. 'மரியோ கார்ட் வேர்ல்ட்' பார்க்க அழகு, குடும்பத்தோடு விளையாட நன்று, 80 டொலருக்குத் தகுமா என்றால் தகாது. என்னைக் கவலைப்படுத்துவது வேறொன்று. இப்போது பல விளையாட்டுகள் 'கேம் கீ கார்ட்' என்ற அட்டையில் வருகின்றன. அட்டைக்குள் விளையாட்டு இல்லை. அதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும் உரிமையே இருக்கிறது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் இது சிறு அசௌகரியம். மாதத்துக்கு இவ்வளவு என்று அளந்து இணையம் வாங்கும் வீட்டில், ஓர் அட்டை நான்கு வீடு சுற்றும் தெருவில், அது அப்படியன்று. அட்டை கைமாறினாலும் ஒவ்வொரு வீடும் முழுவதையும் மறுபடி இறக்க வேண்டும். நாளை அந்த வழங்கி நிறுத்தப்பட்டால் கையில் மிஞ்சுவது ஒரு பிளாஸ்ரிக் துண்டு. அதுவும், இணைய அங்காடிகள் பலவற்றின் நாட்டுப் பட்டியலில் இலங்கை என்ற பெயரே கிடையாது. இங்குள்ள பிள்ளைகள் இன்னொரு நாட்டவராகப் பதிந்துகொண்டுதான் விளையாடுகிறார்கள். 2024 மே மாதம் 'ஹெல்டைவர்ஸ் 2' விளையாட்டுக்குப் பிளேஸ்டேஷன் கணக்குக் கட்டாயம் என்று அறிவித்தபோது, அக்கணக்கு வழங்கப்படாத 170க்கும் மேற்பட்ட நாடுகளிலும் பிரதேசங்களிலும் அது விற்பனையிலிருந்து அகற்றப்பட்டது. கட்டாயம் கைவிடப்பட்ட செய்தியை எல்லோரும் கொண்டாடினார்கள். அந்தப் பட்டியல் ஏன் அவ்வளவு நீளம் என்று கேட்டவர் குறைவு.

'ஹொலோ நைட்: சில்க்சோங்' 2025 செப்டெம்பர் 4இல் வந்தது. அடிலெய்டு நகரத்துச் சிறு குழு, ஏழாண்டு உழைப்பு, 20 டொலர் விலை. அழகு, கொடுமை இரண்டும் உச்சம். என் விரல்களுக்கு வயதாகிவிட்டது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

'வெண்பா'வைப் பற்றி எழுதச் சொல்லி வந்த கடிதங்களே அதிகம். ரொறன்ரோவின் விசை கேம்ஸ் 2023 ஜூலை 31இல் வெளியிட்டது. 1988இல் கனடாவில் குடியேறிய வெண்பா, பாவலன் என்னும் தம்பதியும், ஆங்கிலத்துக்குள் மெல்ல நழுவிச் செல்லும் கவின் என்ற மகனும். தாய் கொடுத்தனுப்பிய சமையற்குறிப்பேட்டில் மை கலைந்திருக்கிறது; விடுபட்ட படிகளை நீங்கள் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்பதே முதற் புதிர். (என் மனைவி எட்டிப் பார்த்து இரண்டு விநாடியில் அவிழ்த்துவிட்டுப் போனார்.) அடுப்பு எரியும்போது வானொலியில் தமிழ்ப் பாட்டு ஒலிக்கிறது. இரண்டு மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். 2024இல் பிரித்தானியாவின் பாஃப்ற்றா அமைப்பு சிறந்த அறிமுக விளையாட்டு விருதை இதற்கு வழங்கியது. அதே ஆண்டு சுயாதீன விளையாட்டு விழாவின் பெரும்பரிசும் இதற்கே. ஸ்விட்ச் திரையில் தமிழெழுத்தைப் பார்த்த கணத்தில் ஏற்பட்ட கூச்சமான மகிழ்ச்சியை நான் மறைக்கவில்லை. அதற்காகப் புள்ளி போடவும் மாட்டேன். சமையல் புதிர்கள் எளிது. ஆண்டுகள் வேகமாகத் தாண்டப்படுவதால் சில துயரங்கள் கண்ணீராகும் முன்பே அடுத்த காட்சி வந்துவிடுகிறது. ஆயினும் மகன் தாயின் குறிப்பேட்டைத் தானே திறக்கும் இடம் உண்மையானது. இலங்கையில் பிறந்த சந்தன ஏக்கநாயக்கவின் குழு உருவாக்கிய 'தேர்ஸ்ட்டி சூட்டர்ஸ்' அதே ஆண்டு நவம்பரில் வந்தது. அதிலும் தெற்காசியச் சமையல் உண்டு, ஆனால் இரைச்சல் அதிகம்.

வெண்பாவின் குடும்பம் தமிழ்நாட்டுக் குடும்பம். விமானத்தில் வந்து, வேலை தேடி அலைந்த குடும்பம். ரொறன்ரோத் தமிழரில் பெரும்பாலோர் வந்த வழி வேறு. 1986 ஓகஸ்டில் 155 தமிழர் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் கைவிடப்பட்டிருந்தார்கள். அவர்களை மூடுபனிக்குள் கண்டெடுத்தவர் கஸ் டால்டன் என்ற மீன்பிடிப் படகுத் தலைவர். விசை கேம்ஸ் அதைச் செய்யவில்லை என்று குறை சொல்வது அநியாயம். அது அவர்களது கதையன்று. ஆனால் ட்ரெட்ஜ் பெட்டியின் மூடுபனிக்குள் ஒரு விளக்கை நோக்கிப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த டால்டனின் ஞாபகம் வருகிறது. இந்த விளையாட்டு எனக்குக் கற்பித்தபடி, பனிக்குள் தெரியும் எதையும் விட்டு விலகியே ஓட வேண்டும். அவர் அருகே போனார். கனடாவில் கணினி படிக்கும் பிள்ளைகள் யாரேனும் இதை வாசிக்கிறீர்களாயின், மீன் அடுக்கும் அந்தச் சட்டகத்தில் 155 பேரை எங்கே இருத்துவது என்பதிலிருந்து தொடங்கலாம். எண்ணெய்க் கணக்கையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.